தொட்டித் தண்ணீர்

அந்த வீட்டின் முன்னறையில் மனிதர்கள் உட்கார இடம் கிடையாது. மூன்று சுவரிலும் இரும்புத் தாங்கிகள், அவற்றில் மேலும் கீழுமாகக் கண்ணாடித் தொட்டிகள். சுவர் நெடுக ஓடும் காற்றுக்குழாய் ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் இறங்கிக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் அந்த அறை குளுகுளுவென்றிருக்கும். மழைக்காலத்தில்தான் தொல்லை. துணி காயாது, தீப்பெட்டி நமத்துப்போகும், உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பாசியும் ஊறிப்போன தீனியும் மீன் கழிவும் கலந்த வாடை ஒன்று போர்வை வரைக்கும் ஏறிவிடும். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அது உறைக்காது. வந்தவர்கள் மூக்கைச் சுருக்கினால்தான் நினைவு வரும்.

வீட்டுக்காரரைத் தெருவில் வண்ணமீன்காரர் என்பார்கள். வெறுமனே மீன்காரர் என்றால் அவருக்கு ஆகாது. புதிதாகக் குடிவந்த ஒருவர் ஒருநாள் பாத்திரத்தோடு வந்து, "ஒரு கிலோ போடுங்க, செதில் எடுத்து நல்லா அலசிக் குடுங்க" என்று கேட்டுவிட்டார். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. வண்ணமீன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "என் மீனு பார்க்கறதுக்குங்க. திங்கறதுக்கு இல்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வாங்குவது, விற்பது, வந்தவர்களிடம் பேசுவது எல்லாம் அவர் பாடு. தண்ணீர் அவர் மனைவியின் பாடு. காலையில் பால் காய்ச்சிய கையோடு அவள் ரப்பர் குழாயை எடுப்பாள். ஒரு முனையைத் தொட்டியின் அடியில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, தண்ணீர் ஏறி வரும் நேரம் பார்த்துச் சட்டென்று வாளிக்குள் விடவேண்டும். ஒரு நொடி அசந்தால் வாய்க்குள் வந்துவிடும். வெதுவெதுப்பாக, கொழகொழவென்று, மண்ணும் எச்சமுமாக. துப்பிவிட்டு வாய் கொப்பளித்து அடுத்த தொட்டிக்குப் போவாள். கல்யாணமாகி வந்த புதிதில் குமட்டியது. பிறகு பழகிவிட்டது.

மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் அவளுக்குத்தான் தெரியும். நன்றாக இருக்கும் மீன் ஆள் நிழல் பட்டதும் தீனிக்கு ஓடி வரும். ஒன்று மட்டும் மூலையில், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்றால் அவள் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிடுவாள். உடம்பில் ரவை தூவினது போலப் புள்ளி இருந்தால் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கி உப்புப் போடுவாள். வால் ஓரம் கிழிந்து வெளுத்திருந்தால் தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அடிக்கடி மாற்றினாலே பாதி சரியாகிவிடும். செதிலெல்லாம் நிமிர்ந்து உடம்பு பலாக்காய் போல ஊதிவிட்டால் மட்டும் ஒன்றும் செய்யமாட்டாள். அது பிழைக்காது.

அந்த மழைக்காலத்தில் வந்தது இந்தக் கணக்கில் எதிலும் சேரவில்லை.

ஏஞ்சல் மீன்கள் இருந்த தொட்டியில் ஆரம்பித்தது. புள்ளி இல்லை, கிழிசல் இல்லை. தீனி போட்டால் தின்றன. ஆனால் தின்னத் தின்ன இளைத்தன. வயிறு உள்ளே ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அப்புறம் ஒன்றுக்கு முதுகு வளைந்தது. இன்னொன்றின் விலாவில் செதில் உதிர்ந்து, உள்ளே சிவந்த சதை தெரிந்தது. ஓரத்தில் வெள்ளையாகச் சளி போல ஏதோ தொங்கியது. மற்ற மீன்கள் வந்து வந்து அதைக் கொத்திப் பார்த்தன.

"என்னங்க, இந்த ஏஞ்சலைக் கொஞ்சம் பாருங்களேன். கூன் விழுந்திருக்கு."

"பொறக்கும்போதே அப்படி இருந்திருக்கும்."

"இல்லைங்க, போன மாசம் நேராத்தான் இருந்துச்சு. இந்தத் தொட்டியைத் தனியா வெச்சிடலாம். இதுல விடற வலையை வேற எதுலயும் விடக்கூடாது."

"மழைக்குத் தண்ணி ஆறிக் கெடக்கு, அதான். நீல மருந்து ரெண்டு சொட்டு விடு."

நீல மருந்து விட்டாள். தண்ணீர் மைக்கூடு போல ஆனது. மீன் சாவது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். காலையில் கையை விட்டுத் துழாவினால் அடியில் ஒன்றோ இரண்டோ வழுவழுப்பாகக் கிடைக்கும். கண் பிதுங்கி, வாய் பிளந்து, பாதி வேறு மீன்கள் தின்ற மிச்சமாக. எடுக்கும்போது சில நேரம் தோல் தனியாகக் கழன்று அவள் விரலில் ஒட்டிக்கொள்ளும்.

செத்த மீனை அவள் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட வைத்திருப்பாள். வண்ணமீன்காரர் அதை எடுத்துப் பிரிப்பார்.

"தூக்கிப் போடறதுக்கு என்ன, காசு கொட்டியா கெடக்கு? துரை தின்னட்டும்."

துரை என்பது அவர் குட்டியிலிருந்து வளர்த்த ஆஸ்கர் மீன். இரண்டு கை சேர்த்த அளவுக்கு வளர்ந்து, ஒரு பெரிய தொட்டியில் தனி ஆளாக இருந்தது. அவர் கையிலிருந்து வாங்கித்தான் தின்னும். செத்த ஏஞ்சலை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார். துரை எழும்பி வந்து லபக்கென்று கவ்வும். செதில்கள் இரண்டு மூன்று மினுங்கிக்கொண்டு கீழே இறங்கும். அவர் குழந்தைக்குச் சோறூட்டியவர் போலச் சிரித்து, அதே கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "டீ போட்டியா?" என்பார்.

அவளுக்கு அந்த டீத்தம்ளரைத் திரும்ப வாங்கவே கூசும். அவர் விரல் பட்ட இடத்தைத் தவிர்த்து வாங்குவாள்.

தையற்காரி மீன் கேட்டு வந்தது அந்தச் சமயத்தில்தான். அதே தெருவில், நாலைந்து வீடு தள்ளி, ஜன்னலோரம் மெஷின் போட்டுத் தைப்பவள். அவளுடைய வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தது. உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஒதுக்கிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை தினமும். வெளியே போகக்கூடாது, கூட்டத்தில் நிற்கக்கூடாது. மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பைத்தியமாகிக்கொண்டிருந்தார்.

"அவருக்குப் பார்த்துக்கிட்டு இருக்க ஏதாவது வேணும் தங்கச்சி" என்றாள் தையற்காரி. "டிவியைப் பார்த்தாக் கோவப்படறாரு. மீன்னா சத்தம் போடாதுல்ல."

"அக்கா, இப்ப வேணாம், மழை விடட்டும். மீனெல்லாம் கொஞ்சம் சொணங்கி..." என்று இவள் ஆரம்பிப்பதற்குள் வண்ணமீன்காரர் எழுந்து வந்துவிட்டார்.

"சொணக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்களுக்குன்னு நல்லதாப் பார்த்துப் புடிச்சுத் தரேன்." வலையை விட்டு, இன்னும் வயிறு ஒட்டாத ஏஞ்சல்களாகப் பொறுக்கி எடுத்துக்கொடுத்தார். சாயங்காலம் அவரே போய்த் தொட்டியை வைத்துக்கொடுத்துவிட்டு வந்தார். தையற்காரி கையெடுத்துக் கும்பிட்டாளாம். அதையும் வந்து சொன்னார்.

மழை விடுவதற்குள் வண்ணமீன்காரர் மனைவியின் கையில் கொப்புளம் வந்திருந்தது. வலது கை நடுவிரல் கணுவில் முதலில் கொசுக்கடி போல ஒன்று. பிறகு அது ஊதா நிறமாகி, உடைந்து, ஆறாமல் நின்றது. வலி பெரிதாக இல்லை. மஞ்சள் பூசினாள், களிம்பு தடவினாள். மேலே பொருக்குத் தட்டும். அமுக்கினால் அடியிலிருந்து கலங்கலாக நீர் வரும். அப்புறம் புறங்கையில் இன்னொன்று, மணிக்கட்டில் இன்னொன்று. தொட்டியில் பார்த்த அந்த விலாப் புண்ணும் தன் விரல் புண்ணும் ஒரே மாதிரி இருப்பதை ஒருநாள் மாவு பிசையும்போது கவனித்தாள். பிசைந்த மாவை அப்படியே குப்பையில் கொட்டிவிட்டுத் தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுல மீன் தொட்டி இருக்கா?"

"வீடே மீன் தொட்டிதான் டாக்டர்."

புண்ணிலிருந்து கொஞ்சம் சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வர நாளாகும் என்றார். அது வந்த அன்றைக்கு அவளை உட்காரவைத்து விளக்கினார்.

"மீனுக்கு வர்ற காசநோய் மாதிரி ஒண்ணும்மா இது. பயப்படாதீங்க, உங்ககிட்ட இருந்து வேற யாருக்கும் ஒட்டாது. தண்ணிதான் காரணம். கையில சின்னக் கீறல் இருந்தாப் போதும், உள்ள போயிடும். மாத்திரை மாசக்கணக்குல சாப்பிடணும், நடுவுல விட்டுடக்கூடாது."

"மீனுக்கு மருந்து இருக்கா டாக்டர்?"

"எனக்குத் தெரிஞ்சு அதுங்களுக்குக் குணமாகறது கஷ்டம். எதுக்கும் மீன் டாக்டர் யாரையாவது கேட்டுக்குங்க. செத்ததைத் தொட்டியில விட்டு வைக்காதீங்க. ஒண்ணை ஒண்ணு தின்னுதான் பரவும்."

அவளுக்குத் துரையின் வாய் நினைவுக்கு வந்தது. "வாயில தண்ணி போனா?" என்று கேட்டாள்.

"வாயிலயா? எப்படிப் போகும்?"

குழாயை உறிஞ்சுவதைச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் முகம் ஒரு கணம் கோணி, உடனே சரியானது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். அத்தனை வருஷமும் தன் வாயில் ஊறியதெல்லாம் அந்த முகக்கோணலில் தெரிந்தது போலிருந்தது.

"அதை இன்னையோட நிறுத்துங்க. இன்னொண்ணு. எதிர்ப்புச் சக்தி இல்லாதவங்க, பெரிய ஆபரேஷன் ஆனவங்க யாரும் இந்தத் தண்ணியில கை வைக்கக்கூடாது. உங்களுக்குத் தோலோட நிக்குது. அவங்களுக்கு எலும்புக்கும் நுரையீரலுக்கும் போயிடும்."

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். மூடி போட்ட வாளி ஒன்று எடுக்கவேண்டும், உடனே தையற்காரி வீட்டுக்குப் போகவேண்டும். வண்ணமீன்காரர் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாத்திரைப் பையை அவர் முன்னால் வைத்து, டாக்டர் சொன்னதை மூச்சிரைக்கச் சொன்னாள். அவர் இடது கையால் பையை விலக்கி அட்டையைப் பார்த்தார்.

"இது வயித்தைப் பெரட்டும். ஒண்ணுக்குச் செவப்பாப் போகும், ரத்தம்னு பயந்துக்காத" என்றார்.

வாளியை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். அடுத்த கவளத்தை உருட்டினார்.

"சொல்லுங்க. எப்படித் தெரியும்?"

"நீ உங்க அக்கா பிரசவத்துக்குப் போயிருந்தல்ல, ஊர்ல மாசக்கணக்கா. அப்ப எனக்கு வந்துச்சு. இதே மாத்திரைதான்." முழங்கைக்குக் கீழே வரிசையாக இருந்த ஊதாத் தழும்புகளைத் தாடையால் சுட்டிக்காட்டினார்.

"கண்ணாடி கிழிச்சதுன்னு சொன்னீங்களே."

"வேற என்ன சொல்றது? உண்மையைச் சொன்னா நீ தண்ணியில கை வெப்பியா?"

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ரொம்பச் சாதாரணமாக, உப்பு குறைகிறது என்பது போலச் சொன்னார். அவள் அவருடைய வலது கையைப் பார்த்தாள். சோறும் குழம்பும் விரலிடுக்கில் பிதுங்கி, புறங்கை வரை வழிந்திருந்தது. நகக்கண்ணில் மீன்தீனியின் பச்சை. அந்தக் கை தட்டுக்கும் வாய்க்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

"தையல்கார அக்கா வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"அவரு பார்க்கத்தானே வாங்கினாரு? எடுத்துக் கொஞ்சவா வாங்கினாரு? ஒண்ணும் ஆகாது, போ. ஊர்ல அத்தனை பேரும் மீன் வளக்கறாங்க."

அவள் வலையையும் ரப்பர் கையுறையையும் வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தையற்காரி மெஷினில் இருந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் சட்டைக்கையைத் தோள் வரை சுருட்டிவிட்டு, தொட்டிக்குள் முழங்கை முங்க ஒரு கல்லை நகர்த்திக்கொண்டிருந்தார். முகம் தெளிந்து, ஆளே மாறியிருந்தார்.

"வாம்மா வா! இங்க வந்து பாரு. இந்த வெள்ளைக்காரி இருக்காளே, தெனமும் என் விரலைக் கடிக்கிறா. கையை எடுக்கவே விடமாட்டேங்கறா."

"கையை எடுங்கண்ணே! வெளிய எடுங்க!"

மெஷின் நின்றது. அவர் பயந்து கையை உருவிக்கொண்டார். தரையெல்லாம் தண்ணீர் சொட்டியது. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தன் கையை விரித்துக் காட்டினாள். தையற்காரி பக்கத்தில் வந்து அந்தப் புண்களைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"உனக்கு இது எப்போ தெரியும்?"

"இப்பதான்க்கா. டாக்டர் வீட்டுல இருந்து நேரா வரேன்."

"உன் வீட்டுக்காரருக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வருகிற வழியில் அதற்கும் ஒரு வார்த்தை யோசித்து வைத்திருந்தாள். ஆனால் அந்தப் பொய் வாய்க்குள் வந்தபோது, குழாய்த் தண்ணீர் வந்தது போலவே இருந்தது.

"அவருக்கு முன்னாடியே தெரியும்க்கா."

தையற்காரி வீட்டுக்காரரைக் குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்புப் போட்டு, கையைத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை போல நின்றுகொண்டு, "அந்த வெள்ளைக்காரி நல்லாத்தானேம்மா இருக்கா? அவளை மட்டுமாவது விட்டுட்டுப் போயேன்" என்றார்.

கையுறை போட்ட கையால் இவள் அந்த மீனை வலையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணுக்குப் பின்னால் லேசாகக் குழி விழ ஆரம்பித்திருந்தது.

"இல்லண்ணே. நல்லா இல்ல."

மீன்களை வாளியில் எடுத்துக்கொண்டாள். மணலையும் செடியையும் பையில் கட்டிக்கொண்டாள். தொட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள். போகும்போது, "அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் இந்த விஷயத்தைச் சொல்லிடுங்கக்கா" என்றாள். தையற்காரி அதற்குள் தரையைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் மீன் வைத்தியம் தெரிந்த ஒருவரிடம் கேட்டாள். ஒரே வலை எல்லாத் தொட்டியிலும் போயிருக்கிறது, வைத்துக்கொண்டிருந்தால் நோய்தான் வளரும், வலியில்லாமல் முடித்துவிடுவதே நல்லது என்றார். எப்படி என்றும் சொல்லிக்கொடுத்தார். கிராம்புத் தைலத்தை வெந்நீரில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொரு தொட்டியாக ஊற்றினாள். மீன்கள் முதலில் தள்ளாடும், பிறகு ஒருக்களித்துப் படுக்கும், செவுள் அசைவது நின்றுபோகும். அறை முழுக்கக் கிராம்பு வாசம். அதோடு பழைய நாற்றமும் சேர்ந்து நெஞ்சை அடைத்தது. வண்ணமீன்காரர் கதவருகில் நின்று முதலில் கத்தினார், பிறகு கெஞ்சினார். "நல்லா இருக்கறதையாவது விடு. வர்றவங்களுக்குக் குடுத்துடலாம்" என்றார். அவள் அடுத்த தொட்டிக்குப் போனாள்.

துரையின் தொட்டிக்கு வந்தபோது அது காலியாக இருந்தது. குளியலறையில், துணி ஊறவைக்கும் பெரிய தொட்டியில் அதைக் கொண்டுபோய் வைத்திருந்தார்.

"இதைத் தொட்டே, நான் மனுஷனா இருக்கமாட்டேன்."

அவள் தொடவில்லை. பக்கத்து வீட்டில் குளித்துக்கொண்டாள். துரையின் விலாவில் செதில் உதிர்ந்து, புண் வாய் திறந்து, குளியலறை முழுக்க அழுகல் நாற்றம் அடித்தது. அவர் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து தீனியை நீட்டிக்கொண்டிருந்தார். அது வாயைத் திறக்கவில்லை. செத்து மிதந்த அன்று, அதை மடியில் போட்டுக்கொண்டு, கையெல்லாம் கோழையாக இருக்க, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதார். அந்த மனிதர் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரக்கம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை.

மீன் வாங்கிப்போனவர்கள் வீட்டுக்கெல்லாம் அவரையும் இழுத்துக்கொண்டு போனாள். அவள்தான் பேசினாள். அவர் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் சிரித்து அனுப்பினார். ஒரு வீட்டில் தொட்டியோடு தூக்கி அவர்கள் காலடியில் கொட்டினார்கள். திரும்பி வரும் வழியெல்லாம், ஈரக் காலோடு, "உனக்கு இப்ப திருப்திதானே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

தையற்காரியின் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, மாசக்கணக்கில் கவனிக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் வாராவாரம் போய் அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். அவர் உள்ளேயிருந்து இரண்டு கைகளையும் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுவார். சிரிக்கவும் செய்வார். தையற்காரி தலை நிமிரமாட்டாள், மெஷின் ஓடிக்கொண்டேயிருக்கும். அவள் பார்த்துவிட்டுத் திரும்புவாள். வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுக்கொள்வாள். அது வயிற்றைப் புரட்டத்தான் செய்தது. புண் ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்ல ஆறி வந்தது.

மழை போய், வெயில் வந்து, அதுவும் தணிந்த பிறகு ஒருநாள் ஜன்னல் சாத்தியிருந்தது. அவள் பதறிப்போய்க் கதவைத் தட்டினாள். தையற்காரி கதவைப் பாதி திறந்தாள்.

"ஆஸ்பத்திரியில எல்லாம் பார்த்துட்டாங்க. அவருக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"அப்பாடா. நல்லதுக்கா, நல்லது..."

"இனிமே வராதீங்க."

இத்தனை வருஷமும் தங்கச்சி, நீ, வா, போ என்று கூப்பிட்டவள். இவள் தலையாட்டினாள். கதவு சாத்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்தபோது வண்ணமீன்காரர் முன்னறையில், வெறும் தாங்கிகளுக்கு நடுவே பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. வேறு யாரும் இல்லை.

"அவருக்கு ஒண்ணும் இல்லையாம். எல்லாம் பார்த்துட்டாங்களாம்."

அவர் முகம் மலர்ந்தது. தொடையில் தட்டிக்கொண்டார்.

"பார்த்தியா? நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு! கேட்டியா நீ?"

அவள் கொல்லைப்பக்கம் நடந்தாள். சாக்கடை ஓரத்தில் குனிந்து வாந்தியெடுத்தாள். வயிற்றில் இருந்ததெல்லாம் வந்து, வெறும் கசப்பு வரும் வரைக்கும் எடுத்தாள். அவர் எழுந்து ஓடி வந்தார். சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மாத்திரை சூடு. இந்தா, ஒரு வாய் குடி."

விளிம்புக்கு உள்ளே அவருடைய கட்டைவிரல் தண்ணீரில் நனைந்திருந்தது. அவள் அதைச் சற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, இரண்டு கையும் ஏந்திக் குடித்தாள்.